படம் பார்ப்பது படிப்பாகுமா?

“தம்பி, படம் பார்க்கிறதுக்கும் ஒரு பட்டமோ?”

இக்கேள்வியை என்னிடம் கேட்டவர் தெருவிற் சந்தித்த யாரோ ஒருவர் அல்லர். தமிழிலக்கியத்தைத் துறைபோகக் கற்றவர். மாணவர் பலருக்கு ஆய்வு வழி காட்டியவர். என்மீது உண்மையான அன்புடையவர். ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்களைப் பற்றி முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆராய விரும்புகிறேன் என்று நான் சொன்னபோது அவர் கோபங்கொள்ளவில்லை. கோபங்கொண்டிருந்தால் வாதாடியிருப்பேன். அவர் சிரித்தார். பின்னர் மேசைமீதிருந்த தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, “வேறை ஒரு தலைப்பு யோசியும். உமக்கு இலக்கணத்திலை நல்ல பிடிப்பு இருக்கு” என்றார்.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நான் வேறு தலைப்பு யோசிக்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் உயர்தர வகுப்பு வரை தமிழ் கற்பித்துக்கொண்டிருக்கிறேன். இலக்கணத்திற் பிடிப்பும் முன்போல் இல்லை. என் கதை பெரிதன்று. அதை எழுதுவதற்காக இவ்விதழின் பக்கங்களைக் கேட்டிருக்க மாட்டேன்.

ஆனால் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி உண்டு. நாடகமும் அரங்கியலும் கற்றுப் பட்டம் பெற்றவள். இப்போது ரியூட்டரி ஒன்றில் மாலை வகுப்பு எடுக்கிறாள். சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்தவள், “சேர், சினிமாவைப் பற்றி மேலே படிக்க எங்கை போகலாம்?” என்று கேட்டாள். அவளுடைய தகப்பனார் கொடிகாமச் சந்தையிலே தேங்காய் வியாபாரம் செய்பவர். சென்னை என்றேன், புனே என்றேன், கல்கத்தா ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் 1993 முதல் திரைப்படக் கல்விக்கென்றே தனித்துறை நடத்துகிறது என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். தமிழிலே, தன் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படிக்கக்கூடிய இடம் ஒன்றை நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் போலும். எனக்குச் சொல்வதற்கு ஓரிடமும் இல்லை. அன்று அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பு எனக்கு மட்டுமானதன்று, இவளுக்கும் சேர்த்தே சிரிக்கப்பட்டது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நான் கேட்பது நடிகர்களை ஆக்கும் பள்ளியன்று. கமராவைப் பிடிக்கவும் கணினியில் வெட்டி ஒட்டவும் மூன்று மாதத்திற் கற்றுத்தரும் நிலையங்கள் குடாநாட்டில் உண்டு. அவை பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். கலியாண வீட்டுப் படம் எடுத்துப் பல இளைஞர் சோறு தின்கிறார்கள். ஆனால் பேனா பிடிக்கக் கற்பித்தல் இலக்கியக் கல்வி ஆகாதவாறே, கமரா பிடிக்கக் கற்பித்தலும் திரைப்படக் கல்வி ஆகாது. ஒரு சமுதாயம் எந்தப் படங்களைப் பார்த்தது, ஏன் பார்த்தது, அப்படங்களை யார் முதல் போட்டு எடுத்தார்கள், அவை எவ்வாறு பொருள் தருகின்றன, எவற்றைக் காட்டாது மறைத்தன என்பவற்றையெல்லாம் ஆதாரம் காட்டி ஆராயும் துறையைத்தான் கேட்கிறேன். அதுவும் பட்டப்பின் படிப்பாகக் கேட்கிறேன். பட்டப்பின் படிப்பே ஏன் என்பதற்கு நம் நாடகத்தின் வரலாறு விடை சொல்லும்.

‘கூத்தாடி’ என்ற சொல் இந்நாட்டில் வசைமொழியாக வழங்கிய காலம் நெடுந்தொலைவில் இல்லை. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். பேராசிரியர் கா. சிவத்தம்பி பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிலே பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்து கலாநிதியானார். 1970களில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கென நாடகத்தில் டிப்ளோமாக் கற்கைநெறி ஒன்றை நடத்திற்று. அதிலே பயின்று வந்தவர்களுள் ஒருவர் குழந்தை ம. சண்முகலிங்கம். அவர் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். அந்த மரபிலிருந்தே 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ பிறந்து, ஊரூராகச் சென்று ஒரு மக்கட் கூட்டத்தின் வேதனையை அதற்கே எடுத்துச் சொல்லிற்று. இன்று நாடகமும் அரங்கியலும் நம் பாடசாலைகளிலே பரீட்சைப் பாடம். எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அந்தப் பாடத்தினால் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்கிறார்கள்.

இவ்வளவும் எங்கிருந்து தொடங்கின? பாடநூலிலிருந்தா? பரீட்சைத் திணைக்களத்துச் சுற்றறிக்கையிலிருந்தா? விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆசிரியர்கள் பட்டம் பெற்ற பின்பு மறுபடியும் மாணவராய் உட்கார்ந்து கற்றதிலிருந்து தொடங்கின. முதலில் ஆசிரியன், அதன் பின்பே பாடம். சினிமாவில் நாம் தலைகீழாக நடக்கிறோம். உயர்தர வகுப்பிலே தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என ஒரு பாடம் உண்டு. அதிலே சினிமாவுக்கும் சில பக்கங்கள் உண்டு. அந்தப் பக்கங்களைக் கற்பிக்கும் ஆசிரியன் எங்கே கற்றான்? தமிழ் கற்றவனும் புவியியல் கற்றவனும் குறிப்பைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுகிறார்கள், பிள்ளைகள் பார்த்தெழுதுகிறார்கள். ஒரு படத்தையேனும் வகுப்பறையிற் காட்டாமல் சினிமா கற்பிக்கப்படுகிறது. செய்யுளை ஒருமுறையேனும் வாசிக்காமல் யாப்பிலக்கணம் கற்பித்தால் நம் பண்டிதர்கள் பொறுப்பார்களா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. நாட்டார் கலையும் நவீன இலக்கியமும் ஆய்வுக்குரியவை என்பதை நிலைநாட்டிய தலைமுறையின் கையில் வளர்ந்த நிறுவனம் அது. இன்று அங்கே நுண்கலைத்துறை இருக்கிறது. ஊடகக் கற்கைகளுக்குத் துறை இருக்கிறது. மருதனார்மடத்திலே இசையும் நடனமும் பயிலப்படுகின்றன. சினிமாவையே பொருளாகக் கொண்ட பட்டப்பின் கற்கைநெறி மட்டும் குடாநாட்டில் இல்லை. அடித்தளம் போட்டாயிற்று, சுவர் எழுப்பியாயிற்று, ஒரு கதவு வைக்க மறந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

“ஆராய்வதற்கு நம்மிடம் என்ன சினிமா இருக்கிறது?” என்பது அடுத்த ஏளனம். படித்தவர்களே இதைச் சொல்லக் கேட்கிறேன்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். எடுக்கப்பட்ட இடம் மதுரை. சிங்களத் திரையிசைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் ஆர். முத்துசாமி. படப்பிடிப்பிலும் நெறியாள்கையிலும் தமிழர் பலர் அங்கே உழைத்திருக்கிறார்கள். தமிழிலோ 1962இல் ‘சமுதாயம்’ பதினாறு மில்லிமீற்றர்ப் படமாக வந்தது. அதனை நெறிப்படுத்தியவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். அடுத்த ஆண்டு ‘தோட்டக்காரி’ வந்தது. 1972இல் கட்டடக் கலைஞரான வி. எஸ். துரைராஜா ‘குத்துவிளக்கு’ தயாரித்தார். 1978இல் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் பிரேம்நாத் மொறாயிஸின் நெறியாள்கையிலே திரைக்கு வந்தது. தமிழர் சிங்களப் படம் எடுத்தார்கள். சிங்களவர் தமிழ்ப் படம் எடுத்தார்கள். இரு இனத்துப் பாட்டாளிகளும் கலைஞர்களும் ஒரே கலையகத்தின் சூட்டிலே நின்று வேலை செய்த வரலாறு இது. இந்த நாட்டிலே இவ்வரலாறு ஆராயத்தக்கதன்று என்பவர்களுக்கு வேறு எது ஆராயத்தக்கது?

இவற்றுள் ‘பொன்மணி’யைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1977இல் வந்த படம். நெறியாளர் தர்மசேன பத்திராஜா. யாழ்ப்பாணத்திலே சிங்களம் கற்பித்த விரிவுரையாளர். இங்கிருந்து பார்த்துக் கற்றவற்றைக்கொண்டு, காவலூர் இராசதுரையின் எழுத்தில், சாதியும் சீதனமும் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டின் கழுத்தை எப்படி நெரிக்கின்றன என்று காட்டினார். பல்கலைக்கழகத்தோடும் அரங்கத்தோடும் தொடர்புடைய பலர் அதில் நடித்தார்கள். படம் வசூலில் வெல்லவில்லை. ஏன்? தென்னிந்தியப் படங்களிலே பழகிய கண்ணுக்கு அதன் நிதானம் பிடிக்கவில்லையா? தன் வீட்டுக் குற்றத்தைத் திரையிற் பார்க்க வேளாள யாழ்ப்பாணம் விரும்பவில்லையா? அல்லது விநியோகத்திலே ஏதேனும் குறையா? இம்மூன்றும் மூன்று ஆய்வுகளுக்குரிய வினாக்கள். விடை தெரிந்தவர்போலப் பலர் தேநீர்க்கடையிற் பேசுகிறார்கள். எழுதிக் காட்டியவர் மிகச் சிலர். பத்திராஜாவோ பிற்காலத்திலே மெல்பேணில் மொனாஷ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து வங்கச் சினிமாவை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். புகழ்பெற்ற நெறியாளர் ஒருவர் தாம் கைக்கொண்ட கலையைப் பற்றி மாணவராய் இருந்து கற்பதை இழிவாக எண்ணவில்லை. படம் எடுத்தவருக்கே படிப்புத் தேவைப்பட்டது. பார்க்கிற நமக்குத் தேவையில்லையாம்!

இன்னொரு வினா. சிவத்தம்பி அவர்கள் 1981இல் தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடல் ஊடகமாக ஆராய்ந்து ஆங்கிலத்திலே ஒரு சிறு நூல் எழுதினார். தமிழரின் கலை நிகழ்விடங்களுள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலிடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதியன்று, கையிலுள்ள காசு என்றும் அவர் சுட்டினார். அந்தக் கருத்தை இங்கே கொண்டுவந்து பாருங்கள். வின்சர், வெலிங்டன், றீகல், மனோகரா, ராஜா, சாந்தி, லிடோ, ராணி, ஸ்ரீதர் என்று யாழ்ப்பாணத்துக்குப் படமாளிகைகள் இருந்தன. கலரியிலே யார் இருந்தார்கள், பல்கனியில் யார் இருந்தார்கள்? 1968இல் மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயிலின் வாசலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் மறிக்கப்பட்டார்கள். தேநீர்க்கடையிலே அவர்களுக்குத் தனிப் போத்தலும் தனி வாங்கும் இருந்த காலம் அது. அதே காலத்தில், அதே மனிதர்கள், றிக்கற் எடுத்துக்கொண்டு படமாளிகைக்குள் நுழைந்தார்கள். இருட்டிலே பக்கத்தில் இருப்பவன் யார் என்று கேட்டவர் உண்டா? இடைவேளையில் விளக்குப் போட்டதும் எழுந்து வேறிடம் போனவர் உண்டா? பெண்கள் யாரோடு வந்தார்கள், எந்தக் காட்சிக்கு வந்தார்கள்? கோயில் திறக்க மறுத்த கதவைக் கொட்டகை திறந்ததா, அல்லது சாதியை வகுப்பு றிக்கற்றாக மாற்றி வைத்ததா? யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை எழுத முனையும் எந்த மார்க்ஸியவாதியும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இவற்றைக் கேட்க ஒரு துறை இல்லை.

சொல்லக்கூடிய சாட்சிகளோ போய்க்கொண்டிருக்கிறார்கள். படமாளிகை ஒன்றிலே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒப்பறேற்றராக இருந்த முதியவர் ஒருவரை நானும் அந்த மாணவியும் ஒரு சனிக்கிழமை போய்க் கண்டோம். றீல் மாற்றும் நேரத்தைத் திரையின் மூலையிலே தோன்றும் பொட்டு எப்படி அறிவிக்கும் என்று விரலை நீட்டிக் காட்டினார். எந்தப் பாட்டுக்குக் கலரியிலிருந்து சில்லறை எறிவார்கள், எந்தப் படத்துக்குப் பொலிசார் வந்தார்கள் என்றெல்லாம் இரண்டு மணி நேரம் சொன்னார். 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளிலே ஜெனரேற்றரை வைத்து வீடுகளிற் காசுக்குப் படம் காட்டிய கதைக்கு அவர் வந்தபோது மாலையாகிவிட்டது. மற்றொரு நாள் வருகிறோம் என்று எழுந்தோம். மற்றொரு நாள் வரவில்லை. அடுத்த ஆவணியில் அவர் காலமானார். வெள்ளை வேட்டியோடு செத்தவீட்டுக்குப் போன எனக்கு, அவருடைய மகள் பழைய பட நோட்டீசுகளைப் பேப்பர்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டதைச் சொன்னாள். அவளிற் பிழையில்லை. அவை ஆவணங்கள் என்று அவளுக்குச் சொன்ன நிறுவனம் எது?

படச்சுருள்களின் கதி இன்னும் மோசம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிக்கப்பட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், நினைவுகூரவே வேண்டும். ஆனால் 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிந்ததையும், கே. வெங்கட் என்ற நெறியாளர் கொல்லப்பட்டதையும் யார் நினைவுகூருகிறார்கள்? புத்தகம் எரிந்தால் பண்பாட்டின் அழிவு. படச்சுருள் எரிந்தால் ஒரு முதலாளியின் நட்டம். இப்படித்தான் நம் உள்ளம் கணக்குப் பார்க்கிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ 2013இல் வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் உதவியால் மீட்டெடுக்கப்பட்டது. அப்படத்தின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொல்லச் சிங்களத்தில் விமரிசகர்களும் ஆய்வாளர்களும் இருந்தார்கள். ஈழத்துத் தமிழ்ப் படங்களின் வரலாற்றையோ தம்பிஐயா தேவதாஸ் போன்ற ஓரிருவர் தம் சொந்த முயற்சியால் எழுதி வைத்தார்கள். அவர்கள் இல்லையென்றால் மேலே நான் எழுதிய பெயர்களும் ஆண்டுகளுங்கூட எனக்குக் கிடைத்திரா.

இப்போது நம்மவர்களிடம் வருகிறேன். பண்டிதர்களைத் திட்டுவது எளிது. முற்போக்காளரான நாமும் குற்றவாளிகளே. சினிமா என்றால் ‘கனவுத் தொழிற்சாலை’ என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவோம். தென்னிந்திய மசாலாப் படங்கள் மக்களை மயக்குகின்றன என்பது உண்மையே. ஆனால் மயக்கம் எப்படி உண்டாகிறது என்று ஆராயாமல் அதனைத் தெளிவிக்க முடியுமா? தமிழகத்திலே எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தை ஆராய்ந்து, ஏழைகளின் வாக்கு ஏழைகளுக்கு உதவாத ஆட்சிக்கு எப்படிப் போயிற்று என்று வினவினார். தியடோர் பாஸ்கரன் விடுதலைப் போராட்டக் காலத்து நாடக, சினிமாக்காரர்களை ஆவணக்காப்பகங்களிலே தேடினார். இவை ரசிகர்களின் புகழ்மாலைகளும் அல்ல, வெறுப்பாளரின் வசைகளும் அல்ல. நாமோ கூட்டத்திலே மசாலாப் படத்தைக் கண்டித்துவிட்டு, இரவு வீட்டிலே அதே படத்தைத் தொலைக்காட்சியிற் பார்த்துக்கொண்டு உறங்கிவிடுகிறோம். (நான் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.)

உலகின் முதற் திரைப்படக் கல்லூரி எங்கே தோன்றிற்று என்பதை நம் தோழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1919இல், உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சூழ்ந்திருந்த மொஸ்கோவிலே தோன்றிற்று. படச்சுருளுக்கே தட்டுப்பாடு. குலெஷோவ் என்ற இளைஞர் தம் மாணவரைக்கொண்டு படச்சுருளே இல்லாமல் மேடையிற் படம் ‘எடுத்து’ப் பயிற்றினார், கிடைத்த பழைய துண்டுகளை வெட்டி ஒட்டிப் பரிசோதித்தார். நடிகர் ஒருவரின் அசைவற்ற ஒரே முகத்தை, ஒருமுறை சூப்புக் கோப்பையோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை இளம்பெண் ஒருத்தியோடும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினாராம். முகம் மாறவில்லை; பார்த்தவர்கள் பசியென்றும் துயரென்றும் ஆசையென்றும் கண்டார்கள். உபகரணம் இல்லை, நிதி இல்லை என்று கைவிரிக்கும் நம் அதிகாரிகள் இதைக் கேட்டு வைக்கட்டும்.

இந்தப் பரிசோதனை வெறும் வகுப்பறை விந்தையன்று. 2009இல் வன்னியிலிருந்து வந்த படங்களை நினைத்துப் பாருங்கள். கதறும் தாய் ஒருத்தியின் முகம். அதன் முன்னும் பின்னும் எந்தப் படத்தை ஒட்டுவது, மேலே எந்தக் குரலை வைப்பது என்பதற்கேற்ப அதே கண்ணீர் ஒருவருக்கு மீட்கப்பட்டவளின் கண்ணீர். மற்றொருவருக்குத் தியாகியின் தாயின் கண்ணீர். மூன்றாமவருக்குச் செய்திக்கு முன்வரும் விளம்பரத்தின் இடைவெளி. அவளுடைய சொந்தக் கண்ணீர் எங்கே போயிற்று? அவ்வாண்டு ஆகஸ்டிலே, கண்கட்டி நிர்வாணமாக்கப்பட்ட மனிதர் சுடப்படும் காட்சியைப் பிரித்தானியாவின் ‘சனல் 4’ ஒளிபரப்பியது. அது பொய்ப் படம் என்று அரசு கூறிற்று. 2010 சனவரியில் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்ரன், நிபுணர்களைக்கொண்டு ஆராய்வித்து, அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்று தெரிவித்தார். கவனியுங்கள்: ஒரு கொலை நடந்ததா இல்லையா என்ற வழக்கு, ஒரு படத்தைப் படிக்கத் தெரிந்தவர்களின் சொல்லிலே தங்கி நின்றது. தன் பேரழிவு முழுவதும் கைத்தொலைபேசிப் படங்களாகப் பதிவாகியிருக்கும் ஒரு மக்கட் கூட்டம், படத்தைப் படிக்கக் கற்பது தேவையற்ற ஆடம்பரமா?

படிக்கத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2015 முதல் யாழ்ப்பாணத்திலே சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது, நல்ல முயற்சி. 2018இல் ஜூட் இரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ அந்த விழா நிரலிலிருந்து நீக்கப்பட்டது. முந்திய ஆண்டு கான் விழாவிலே காட்டப்பட்ட படம். போராட்ட இயக்கங்கள் தம்முள் நடத்திய கொலைகளைப் பேசிய படம். அப்படத்தோடு எனக்கும் மாறுபாடு உண்டு. அரச வன்முறையின் நீண்ட வரலாற்றை அது போதிய அளவு நிறுக்கவில்லை என்பது என் எண்ணம். ஆனால் மாறுபடுவதற்கு முதலில் பார்க்க வேண்டுமே! அதை எதிர்த்தோரும் ஆதரித்தோரும் பாராமலே சண்டையிட்டதை நான் என் காதாற் கேட்டேன். காட்சி காட்சியாக எடுத்து, இவ்விடத்திற் பொய், இவ்விடத்தில் உண்மை, இங்கே மௌனம் என்று காட்டக்கூடிய பத்து மாணவர்கள் இந்நகரில் இருந்திருந்தால் அந்தச் சண்டை வேறுவிதமாய் நடந்திருக்கும்.

கடைசியாக, எங்கள் வீடுகளிலெல்லாம் எழும் கேள்வி: “படிச்சு என்ன உத்தியோகம் கிடைக்கும்?” டொக்டர், எஞ்சினியர் தவிர்ந்த எல்லாப் படிப்புக்கும் யாழ்ப்பாணம் கேட்கிற கேள்விதான் இது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரி முன்னாலே மாதக்கணக்கிற் குந்தியிருந்தார்களே, சினிமா படித்ததனாலா வீதிக்கு வந்தார்கள்? தொல்காப்பியம் கற்றவனுக்கு எந்தக் கந்தோரிலே நாற்காலி காத்திருக்கிறது? வேலையின்மை ஆட்சியாளரின் குற்றம். அதைப் படிப்பின் குற்றமாக்குவது அவர்களுக்கு நாம் செய்யும் உபகாரம். மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்த பாலு மகேந்திரா புனேக்குப் போய் ஒளிப்பதிவு கற்றார்; இந்தியாவுக்கே ஒளிப்பதிவாளரானார். அவரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், அவர் கற்பதற்குக் கடல் கடக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சனி, ஞாயிறுகளில் நடக்கும் முதுகலைமாணிக் கற்கைநெறி ஒன்று. முதல் ஆண்டு பதினைந்து பேர், அவர்களிற் பாதிப்பேர் ஆசிரியர்கள். இருட்டாக்கக்கூடிய ஒரு மண்டபம், ஒரு வெள்ளைத்திரை. நம் படங்களில் எஞ்சியவை எங்கே, யாருடைய பெட்டியிலே இருக்கின்றன என்று தேடிப் பிரதியெடுக்க ஒரு சிறு நிதி. சிங்களச் சினிமாவைக் கற்பிக்கத் தெற்கிலிருந்து விரிவுரையாளர்கள் வரட்டும், பத்திராஜா வந்தாரே. ஒவ்வொரு மாணவனும் தன் ஊரிலே படம் காட்டியவர், பார்த்தவர், நோட்டீஸ் ஒட்டியவர் ஐவரையாவது கண்டு எழுதி வரட்டும். மூதவையில் இருப்போர் இதைப் படித்துச் சிரிப்பாராயின், சிரித்த பின்பாவது எழுத்திலே மறுப்புத் தரட்டும், நாம் விவாதிப்போம்.

அந்த மாணவி இவ்வாண்டு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் பதிந்துவிட்டாள். ஆசிரிய நியமனத்துக்கு அது உதவும், தகப்பனாருக்கும் நிம்மதி. ஒப்பறேற்றரின் அந்த இரண்டு மணி நேரக் குரல் அவளுடைய கைத்தொலைபேசியிலேதான் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்று போன கிழமையும் கேட்டாள்.